பன்னிரண்டு வோல்ட்

கேமராவோடு வந்த பேட்டரிக்கு
எழுபது நிமிடம் ஆயுள்.
ஆந்தைக்கு அது தெரியாது.

பீடோர் பட்டணத்திலிருந்து மூன்றாவது கட்டை,
செம்பனைக்குள் ஒரு கம்பம்,
எலி பிடிக்கட்டும் என்று நிர்வாகம்
அதன்மேல் ஏற்றிவைத்த பெட்டி.
உள்ளே குஞ்சுகள்
பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டிருந்தன.
தாய் எத்தனை மணிக்கு வரும்?
ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள்.
எல்லாமே எழுபது நிமிடத்துக்கு அப்பால்.

ஈப்போவில் விசாரித்தேன்.
பெரிய பேட்டரி அறுநூற்றைம்பது வெள்ளி, இரண்டு வாரம்.
இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும்.
வெள்ளி முன்பே பறந்திருந்தது.

ஆ லெக் தன் மோட்டார் பட்டறையில்
பழசு ஒன்றைத் தட்டிப் பார்த்து
"மாத்தி" என்றார்.
மலாயில் செத்தது.
தமிழில் கேட்டாலும்
அதையேதான் செய்யச் சொன்னது அந்தச் சொல்.
பதினெட்டு வெள்ளிக்குக் கன்வெர்ட்டர் பலகை மட்டும் வாங்கினேன்,
கட்டைவிரல் அளவு,
மேலே திருக ஒரு பித்தளைத் திருகு.

வழியில் கமலவேணி
மருந்துப் பம்பை முதுகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.
அதன் அடிவயிற்றில் ஒரு கறுப்புக் கட்டி:
பன்னிரண்டு வோல்ட், எட்டு ஆம்பியர்.
நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.
"பெரட்டுக்கு முன்ன வந்துரணும்" என்றாள்.
"சார்ஜோட."

கித்தாக் கட்டையில் ஒரு பொய்ப் பேட்டரி செதுக்கினேன்.
செத்த சுவிட்சிலிருந்து இரண்டு தகடு,
லோரி விளக்கின் ஃபியூஸ்,
மீன் கடைப் பெட்டியில் எல்லாவற்றையும் அடக்கி
மழைக்கோட்டால் மூடினேன்.
மீட்டரில் ஏழு புள்ளி நான்கு வரும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன்.
சிவப்பையும் கறுப்பையும்
மூன்று முறை சரிபார்த்தேன்,
ஒரு முறை மாறியிருந்தது.

கேமரா கண்விழித்துக் கேட்டது:
இந்தப் பேட்டரியை எனக்குத் தெரியாது. தொடரவா?
தொடர் என்றேன்.
எனக்கும்தான் தெரியாது.

சார்ஜ் ஏற ஆறு மணி நேரம்.
ஆக, நள்ளிரவில் கழற்ற வேண்டும்.
அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு.
கொசு என் கணுக்காலைக் கணக்கெடுத்து முடித்திருந்தது.
இன்னும் ஐந்து நிமிடம் என்றேன்.
பன்னிரண்டரைக்கும் அதையே சொன்னேன்.
மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஒன்றிலிருந்து
பதினொன்று புள்ளி எட்டுக்கு
யாரும் கேட்காமல் இறங்கியது.

மூன்று இருபது.
சத்தமே இல்லை.
பெட்டி வாசலில் திடீரென்று ஒரு வெள்ளை முகம்,
அலகில் எலி,
வால் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
நாற்பத்து மூன்று விநாடி.

ஆறு மணிக்குக் கொடுத்தபோது
சார்ஜர் விளக்கு இன்னும் சிவப்பில்.
அவள் எதுவும் சொல்லவில்லை.
பம்பில் வைத்து மூடினாள்,
தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள்.

பத்தரைக்குப் பம்பு நின்றதாம்.
மீதி ஏழு நிரையையும்
கைப்பிடியை அடித்து அடித்தே முடித்தாளாம்.
நாற்பத்து மூன்றை ஏழால் வகுத்தால்
நிரைக்கு ஆறு விநாடி சொச்சம்.
அந்தச் சொச்சம்
எந்த மீட்டரிலும் வரவில்லை.

சாயங்காலம் படத்தைக் காட்டினேன்.
வலது தோளைத் தேய்த்துக்கொண்டே பார்த்தாள்.
"நம்ம நிரை எலிதான்" என்றாள்.
பிறகு மீன் பெட்டிக்குள் கைவிட்டு
அந்தக் கட்டைவிரல் பலகையை எடுத்தாள்.
"இதுல போனுக்கு சார்ஜ் ஏறுமா?"

ஐந்து வோல்ட்டுக்குத் திருகிக் கொடுத்தேன்.

இப்போது மருந்து அடித்துக்கொண்டே
அவள் போன் பம்பின் முதுகில் தொங்குகிறது.
நான் ஆ லெக்கிடம் நிற்கிறேன்,
பதினெட்டு வெள்ளியோடு.
பலகை தீர்ந்துவிட்டதாம்,
தோட்டத்திலிருந்து நாலு பேர்
வந்து வாங்கிப் போனார்களாம்.