கரயண்ட

மதுக்கரையில் ஏறிக் கஞ்சிக்கோட்டில் இறங்க
பாசஞ்சரில் ஒரு பொட்டலம் கடலை தீரும் நேரம்தான்.
நடுவில் எங்கேயோ
எழுத்துகள் வளையத் தொடங்கிவிடுகின்றன.

அப்பாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட்.
எனக்கு ஒன்பது பி.
ரெண்டும் ஒரே சூடுதான் கண்ணு என்றார்,
என்னைச் சிரிக்கவைக்க.

முதல் நாள் ஊர் கேட்டார்கள்.
ஊத்துப்பட்டி என்றேன்.
வகுப்பே சிரித்தது.
அவர்கள் பேச்சில் பட்டி என்றால் நாய் என்று
தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரமானது.
அந்த ஒரு வாரமும்
நானும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தேன்.

இடைவேளைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.
பாட்டிலை நிரப்ப மூன்று நிமிடம்.
யாரும் பார்க்காமல் கொட்டிவிட்டு
மறுபடி நிரப்ப மூன்று.
பையில் இல்லாத பேனாவைத் தேட இரண்டு.
அறிவிப்புப் பலகை முன்னால் நின்று
படிக்கத் தெரிந்தவள் போல
கண்ணை இடமிருந்து வலம் ஓட்ட நான்கு.
மிச்சத்துக்குக் கழிவறை.
தாழ்ப்பாள் இல்லாத கதவை
முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு.

ஒவ்வொரு பாடம் முடியும்போதும்
மனசிலாயோ என்று கேட்கிறார்கள்.
மனசில் நிறைய ஆயிற்று டீச்சர்,
பாடத்தைத் தவிர.
தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

பானுவின் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன.
ஜூனில் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜ்,
அதில் மூன்று நிமிடம் வெறும் சிரிப்பு.
ஜூலையில் "அப்பறம் பேசறேன்டி".
இப்போது ஒரு கட்டைவிரல் படம்.
கோபமெல்லாம் இல்லை.
என் இடத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.
உட்காரத்தானே பெஞ்ச்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு
வயிறு பிடித்துக்கொள்ளும்.
மூன்று ஞாயிறு ஓமவாட்டர் கொடுத்த அம்மா
நாலாவது ஞாயிறு
மூடியைத் திறந்து, மோந்து பார்த்து,
திரும்ப மூடி வைத்துவிட்டாள்.
அப்புறம் என் யூனிபார்மை எடுத்து
ஏற்கெனவே மடித்திருந்ததைப்
பிரித்து மடித்தாள்.

ஓணப் பரீட்சைத் தாளைத் தந்த அன்று
நாற்பதுக்கு ஆறு.
குழாயடிக்குப் போய்
முகம் கழுவினேன், கழுவினேன்,
கழுவிக்கொண்டே இருந்தேன்.
பக்கத்துக் குழாயில்
டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள்
கடைசி பெஞ்ச் ரம்ஸீனா.
தன் பாட்டிலை நீட்டி
வெள்ளம் வேணோ என்றாள்.
எனக்கு வெள்ளம் வேண்டாம்,
இருப்பதே அதிகம்.

அவள் போகவில்லை.
டப்பாவை இரண்டு தரம் உதறினாள்.
என்னைப் பார்க்காமல்
கரயண்ட என்றாள்.

கரைய வேண்டாமா?
மழையில் வைத்துவிட்ட சாக்பீஸ் மாதிரி
ஜூனிலிருந்து நான்
ஓரங்களில் கரைந்துகொண்டிருப்பது
இவளுக்கு எப்படித் தெரிந்தது?
அன்று ராத்திரி முழுக்க
தூங்காமல் அதையே யோசித்தேன்.
நடுவில் இரண்டு கூட்ஸ் வண்டி போனது.

அழாதே என்றுதான் அர்த்தமாம்.
பக்கத்து வீட்டுப் பொடியன் சொன்னான்.
அவ்வளவுதானா என்று
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.
எங்கள் பக்கத்து அர்த்தத்தை
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
சில விஷயங்களை
மொழிபெயர்க்காமல் வைத்திருப்பது நல்லது.

மறுநாள் அவள் வரவில்லை.
பாட்டிலை மூன்று தரம் நிரப்பினேன்.
வியாழக்கிழமை வந்தாள், கையில் பிளாஸ்டருடன்,
எதனால் என்று சொல்லவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து
ஒரு கையால் சாப்பிட்டாள்.
பேச்சு அதிகமில்லை.
என் எள்ளுப்பொடியைத் தொட்டு நக்கிவிட்டு
புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.
அன்று பாட்டிலை நிரப்பியது ஒரே தரம்,
அதிலும் பாதியை அவள் குடித்துவிட்டாள்.

இந்த ஞாயிறும் வயிறு பிடித்தது.
ஏழரை மணிக்கு.