மேல் பொத்தான்

வயிறு யாருக்கும் தெரியாத மாதத்தில்
கழுத்து காட்டிக்கொடுத்தது.
சீருடையின் மேல் பொத்தான்
துளைக்கு எட்டவில்லை.
வாஷிங் மெஷினைத் திட்டினேன்.

மெஸ்தியாவில் ரோப் கார் டிக்கெட் விற்பவள் நான்.
கண்ணாடிப் பெட்டிக்குள்
நடுப்பகலிலேயே தூங்கி விழுந்தேன்.
ஒருவர் நூறு லாரி நீட்டினார்;
மீதியோடு அந்த நூறையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.
குளிர்கிறது என்றால்
இந்த ஊரில் யார் நம்புவார்கள்?
"எல்லோருக்கும்தான் குளிர்கிறது, மக்வாலா,"
என்றான் ஓதார், விறகு பிளக்கப் போகிறபோது.

டாக்டர் நானுலி எச்சிலை விழுங்கச் சொன்னார்.
அவர் விரலுக்கடியில்
போர்வைக்குள் பூனை புரள்வதுபோல்
ஏதோ ஏறி இறங்கியது.
"இரண்டு பேருக்குச் சுடுகிறது இது.
மாவு போதவில்லை,
அடுப்பைப் பெரிதாக்கிப் பார்க்கிறது."

மாவு என்றால் அயோடின்.
ஒவ்வொரு பனி உருகலிலும்
மலை அதைக் கழுவி அனுப்பிவிடுமாம்.
இங்குரி ஆறு கொண்டுபோய்க்
கருங்கடலில் சேர்த்துவிடும்.
எங்கள் பங்கு அங்கே கிடக்கிறது,
மீன்களோடு.

மாமியார் வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம்.
வைக்கோல் போரின் முன் ஐந்து பெண்கள்,
ஐந்து கழுத்திலும் துணி,
அதுவும் ஆகஸ்ட் வெயிலில்.
அழகுக்கென்று நினைத்திருந்தேன்.

உன் தொண்டையில் இருப்பது
இன்னும் வேலைக்கு வரவில்லையாம்.
அதுவரை உன் மூளைக்கான கல்லெல்லாம்
என் தொண்டை வழியாகத்தான்.
கோபுரம் கோபுரமாய்க் கட்டிய ஊர் இது;
நான் டிக்கெட் கிழித்தபடியே சுமக்கிறேன்.

விடியலில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை,
ஊதினால் பறந்துவிடும்.
டீக்கு அரைமணி காத்திருக்க வேண்டும்.
இரும்பு மாத்திரை நான்கு மணி தள்ளி.
ஓதார் அடுப்பு மேல் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறான்.
குளிரைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

ஜபூலி அத்தை மட்டும் அசையவில்லை.
கடை உப்பில் மருந்து வாடை,
சுவானிய உப்புக்கு அது ஆகாது என்பார்.
பூண்டு, நீல வெந்தயம், சாமந்தி இதழ்,
கல்லுரலில் அவர் இடிப்பது
மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

நேற்று குப்பைக்கூடையில்
கிழிந்த நீலப் பாக்கெட் ஒன்று,
அயோடின் என்ற எழுத்து உட்பக்கமாய் மடிந்து.
ஜாடியில் வழக்கமான மஞ்சள்தான்.
அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பொத்தானை ஒரு விரல் தள்ளித் தைத்துக்கொண்டேன்.
உப்புப் பெறாத விஷயம் என்று
எதையாவது சொல்ல வாய் வந்தால்
நிறுத்திக்கொள்கிறேன்.

இரவு உருளைக்கிழங்கில் உப்பு தூக்கல்.
"கூடிவிட்டதா?" என்றார், என் கழுத்தைப் பார்த்து.
தட்டை நீட்டினேன்.