அட்டை பார்க்கக் காசில்லை

உள்ளே படிக்க அஞ்சு காசு.
அட்டை பார்க்கக் காசில்லை.
புக்கிட் மேராவில் எங்கள் பிளாக்கின் மாடிப்படிக்கடியில்
தாவ்கே போட்ட சட்டம் அது.
கம்பி கட்டி, துணிக்கவ்வியில் தொங்கவிட்டிருப்பார்
துவைத்துக் காயப்போட்ட சட்டைகளைப் போல
சனிக்கிரகங்களை.

நான் தமிழ்ப்பள்ளி. பார்க்கிற கட்சி.
மரியசூசை இங்கிலீஷ் பள்ளி. படிக்கிற கட்சி.
அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஓவர்டைம் வேறு.

இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது.
மஞ்சள் வானம்.
நீலம் தீர்ந்துபோன அச்சகமாக இருந்திருக்கும்.
கெளுத்தி மீனைப் போல ஒரு ராக்கெட்,
அதன் வாலில் தீ, தீக்கு மூன்றே மூன்று கோடு.
மீன்தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட ஓர் ஆள்,
கத்துகிறான், நமக்குக் கேட்காது.
கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு பெண்.
சிவப்பு இம்மி விலகி விழுந்ததில்
அவள் உதடு உதட்டில் இல்லை,
கன்னத்தில் இருந்தது.
யாரோ முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார்கள் என்று
வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அப்புறம் அந்த ரோபோ.
நெஞ்சில் வட்டமாக ஒரு மீட்டர்,
எங்கள் வீட்டுக் கரண்டு மீட்டரேதான்.
இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு
குழாயை நோக்கி வந்துகொண்டே இருந்தது
ஒரு பருவமழை முழுக்க.

படியில் உட்கார்ந்து மரியசூசை சொன்னான்:
அது அவளைக் கொல்ல வரவில்லையாம்,
திறந்துவிட வருகிறதாம்.
சாவி அதன் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறதாம்.
உருவி எடுத்தால் அது நின்றுவிடுமாம்.
"எடுத்துச்சா?"
"மீதி நாளைக்கு. இன்னும் அஞ்சு காசு ஆகும்."

நாளைக்கு அவர்களுக்குக் கிளமெண்டியில் வீடு கிடைத்துவிட்டது.
லாரியில் கட்டில், மேலே அவன்,
கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.
ரோபோவைப் பற்றிக் கத்திக் கேட்க
வெட்கமாக இருந்தது.

அட்டையின் மூலையில் ஓர் ஆண்டு போட்டிருந்தது: 1999.
எண் மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்.
அந்த ஆண்டு வந்தபோது நான்
பாசிர் பாஞ்சாங்கில் கிரேன் உச்சியில் இரவு ஷிப்ட்.
வானம் மஞ்சளாகத்தான் இருந்தது,
சோடியம் விளக்கில்.
நீட்டிய இரும்புக் கைகளோடு
பெட்டிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது நான்தான்.

போன மாதம் பிராஸ் பாசாவில், மூன்றாவது மாடியில்,
பிளாஸ்டிக் உறைக்குள் அதைப் பார்த்தேன்.
அதே பிரதி என்று சாதிக்க மாட்டேன்.
மேல் ஓரத்தில் கவ்வியின் பல் பதிந்திருந்தது, அவ்வளவுதான்.
அறுபது வெள்ளி.
"பார்க்கலாம் அங்கிள். பிரிக்கிறதுன்னா வாங்கணும்,"
என்றாள் கல்லாவில் இருந்த பெண்.
சட்டம் மாறவில்லை.

வாங்கினேன். பிரித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
உள்ளே ரோபோ இல்லை.
குழாய் இல்லை, பெண் இல்லை.
நிலவில் தகரம் தோண்டும் இரண்டு பேர்
பங்குக்காகச் சண்டை போடுகிறார்கள், கறுப்பு வெள்ளையில்.
ஒருவன் சாகிறான். அவ்வளவே கதை.
அந்த அட்டையை வரைந்தவரும் என்னைப் போலத்தான்,
உள்ளே படிக்காதவர்.

அப்படியானால் மரியசூசை?

பெர்த்தில் இருக்கிறான் இப்போது.
அங்கும் இங்கும் கடிகாரம் ஒன்றுதான்.
இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டேன்.
மூட்டுவலி, மகள், பெட்ரோல் விலை எல்லாம் முடிந்த பிறகு
"அந்த ரோபோ சாவியை எடுத்துச்சாடா?" என்றேன்.
"எந்த ரோபோ?"
அவன் சமையலறையில் ஏதோ கொதித்து அடங்கியது.
நாற்காலி இழுபடும் சத்தம்.
"அஞ்சு காசு," என்றான்.

ஒரு வெள்ளிக்குக் கீழே அனுப்ப வழியில்லை
என்கிறது என் செல்பேசி.
மறுபடியும் அழுத்திப் பார்க்கிறேன்.