தீர்மானம் எண் நான்கு

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
கூட்ஸ் வண்டி போகிறவரை
யாரும் பெரியவரில்லை.
ஜீப்பில் கை கூப்பி நிற்கிற வேட்பாளரும்
காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்த பெண்ணும்
ஓவர்லாக் அடித்த நைட்டிகளை மூட்டை கட்டி
வண்டியின் முன்னால் வைத்திருக்கிற நானும்
ஒரே டீசல் புகையைத்தான் குடிக்கிறோம்.

ஐம்பத்தெட்டுப் பெட்டி. எண்ணினேன்.
அவ்வளவு நேரமும் அவர் கையை இறக்கவில்லை.
"சார், ஸ்கூல் பாத்ரூமுக்குக் கதவு" என்றேன்.
ஒலிபெருக்கி அவர் பெயரையே கத்திக்கொண்டிருந்தது.
நான் சொன்னது அவருக்கு
வணக்கமாகக் கேட்டிருக்க வேண்டும்.
திருப்பிக் கும்பிட்டார்.

நானும் ஒரு பதவியில்தான் இருக்கிறேன்.
சுவரில் எழுத மாட்டார்கள், பதிவேட்டில் இருக்கிறது:
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ம. ஜெசிந்தா,
ஏழாம் வகுப்பு ரெபேக்காவின் தாய்.
மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை
பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்காருவோம்.
டீ உண்டு. பிஸ்கெட் வேதவல்லி டீச்சர் காசு.
ஷகிலா கையெழுத்துப் போடுவாள்,
மோகனாவின் ஆயா ரேகை வைக்கும்.
தீர்மானம் நான்கு:
மாணவியர் கழிப்பறைக்குக் கதவு அமைத்துத் தர வேண்டி.
பத்தொன்பது மாதமாக அதே நான்கு.
'வேண்டி' என்று நிற்கிற வாக்கியம்
முடியாத வாக்கியமாம், எச்சமாம்,
டீச்சர்தான் ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்.

ஒருத்தி உள்ளே போனால்
இரண்டு பேர் வெளியே துப்பட்டாவைப் பிடிப்பார்கள்.
துப்பட்டா போடுகிற வயசு வராதவர்கள்
அடக்கிக்கொள்வார்கள்.
என் மகள் தண்ணீர் பாட்டில்
காலையில் போன கனத்தோடே
சாயங்காலம் திரும்பி வரும்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு
கதவு வந்தது.
நீல நிறம், ஸ்டிக்கர்கூடக் கிழிக்காதது.
எங்கள் பள்ளி வாக்குச்சாவடி,
அலுவலர்கள் ராத்திரி தங்க வேண்டும்,
அதில் பெண்களும் உண்டு.
ஒரு பீடி அணைவதற்குள் மாட்டிவிட்டார்கள்.

வாக்குப்பதிவு அன்று வரிசையில் நிற்கையில்
மைதானத்தின் அந்தப் பக்கம்
தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.
திரும்பிப் பார்த்தேன்.
முன்னால் நின்றவளும் பார்த்தாள்.
நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
யாருக்குப் போட்டேன் என்பது ரகசியம்.
தாழ்ப்பாள் சின்னத்தில் எவராவது நின்றிருந்தால்
ரகசியமாக இருந்திருக்காது.

மறுநாள் முதல் பெல்லுக்கே
குட்டியானை வந்து நின்றது.
இரண்டு பையன்கள், ஒரு ஸ்க்ரூ டிரைவர்.
"வாடகைக் கதவுக்கா இது. சாவடி கணக்கு.
இன்னா பண்ணச் சொல்றே எங்கள?"
தட்டினார்கள்.
"ஆள் இருக்கு" என்றது உள்ளே ஒரு குரல்.
பெற்றவளுக்குத் தெரியாதா அது யாருடையது என்று.
அவள் வெளியே வந்ததும் மோகனா போனாள்.
மோகனா வந்ததும் ஷகிலாவின் சின்னவள்.
ஆறாம் வகுப்பிலிருந்து எட்டுவரை
வேப்பமரத்தைச் சுற்றி வரிசை வளைந்தது.
யாரும் யாரையும் தள்ளவில்லை.
அடையாள அட்டை கேட்கவில்லை.
முடித்துவிட்டு வந்தவர்கள்
குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு
மறுபடி கடைசியில் நின்றார்கள்.
இதற்குப் பெயர் கள்ள ஓட்டு என்றால்
இருக்கட்டும்.

வேதவல்லி டீச்சர்
பாடம் எடுக்க வேண்டிய நேரத்தில்
வராண்டா ஓரத்தில் நின்று
எதையும் பார்க்காதவர் மாதிரி
சாக்பீஸ் டப்பாவை எண்ணிக்கொண்டிருந்தார்.

மதியம் ஒரு மணிக்குப் பையன்களில் ஒருத்தன்
பசிக்குது என்றான்.
சத்துணவுச் சாம்பார்ச் சாதத்தில்
இரண்டு கரண்டி கொடுத்தோம், முட்டையோடு.
சாப்பிட்டுவிட்டு
"நாளைக்கு வர்றோம், ஓனர் திட்டுவாரு" என்று
வெறும் வண்டியைத் திருப்பினார்கள்.

ரெபேக்காவின் பாட்டில்
அன்று காலியாக வந்தது.
இரவு கரண்ட் போவதற்குள்
வீட்டிலிருந்த பாட்டில்களை,
கூல்டிரிங்க்ஸ் பாட்டில், மருந்து பாட்டில்கூட,
ஒன்று விடாமல்
நிரப்பி வைத்தேன்.