ஏழரை மணி

பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு
எங்கள் வீட்டில் மூன்று பிறவி.
கீரை அலசியதே மீண்டும் தட்டுகளை அலசும்.
பிறகு சிவப்புத் தரையைத் துடைக்கும்.
கடைசியில் கறுத்து, நுரை செத்து,
கழிவறை மூலையில் வாளியாய் உட்கார்ந்திருக்கும்.

ம்புசோ கதவுக்குப் பின்னாலிருந்து கத்துவான்:
"அம்மா, ஊத்தவா?"
"நீ எத்தனாவது ஆள்?"
"மூணு."
"அப்போ வேண்டாம்."
நாலாவது ஆள்தான் ஊற்ற வேண்டும்,
அதுவும் அரை வாளி.

புலவாயோவில் மூன்று நாளுக்கு ஒருமுறை
குழாய் முதலில் இருமும்,
துருவைத் துப்பும்,
அப்புறம்தான் தண்ணீர் என்று எதையோ தரும்.
மற்ற நாட்களில் சர்ச்சுக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு.
தபானியின் நோட்டில் பெயருக்கு ஒரு டிரம்.

அங்கேதான் மாச்சூமா என்னைக் கேட்டாள்,
நாற்பது பேர் நிற்கும் வரிசையில்:
"ஜோஹனஸ்பர்க் போனவன் பேர்லயும் ஒரு டிரம்மா?
அவன் அங்கேருந்து தாகம் அனுப்புறானா?"

ஸென்ஸோ போய் இரண்டு வருடம்.
பணம் நின்று எட்டு மாதம்.
நோட்டில் மட்டும் அவன் இன்னும் குடித்துக்கொண்டிருந்தான்.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
வேறு என்னென்னவோ சொன்னேன்.
ஐந்து வாரம் பேச்சில்லை.
ஒரே கூரை, பாதி அவளுக்கு, பாதி எனக்கு;
நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

அப்புறம் அந்தத் துண்டுச்சீட்டு வந்தது.
லுவேவே முழுக்க நாம் பிடித்த மிச்சம்
பூமிக்கடியில் குழாய்களை உலர்த்திவிட்டதாம்.
தள்ள நீரில்லாமல் எல்லாம் அங்கங்கே நின்றுவிட்டதாம்.
சாக்கடைக்கு விக்கல்.
திங்கள் இரவு ஏழரைக்கு
ஊரே ஒரே சமயத்தில் ஊற்ற வேண்டும்,
வீட்டுக்கு இரண்டு வாளி.

வரிசையில் சிரித்தார்கள்.
"என் மாமியாருக்கு இப்பவே சொல்லி வைக்கணும்,
அவளுக்கு எதுவுமே நேரத்துக்கு வராது" என்றான் தபானி.
மாச்சூமாவும் சிரித்தாள்.
நான் இருப்பது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

திங்கள் இரவு கரண்ட் இல்லை.
ம்புசோ மெழுகுவர்த்தி பிடித்தான்.
அக்டோபர் வெக்கை,
கழிவறையில் இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும்.
என் காலடியில் இரண்டு வாளி.
ஒன்று அழுக்கு.
மற்றொன்று சனிக்கிழமை பிடித்தது,
மூடி போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தது,
அடியில் கிடக்கும் என் மோதிரம்கூடத் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம்
வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது.
அவளும் நின்றுகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட மணியை யாரோ அடித்தார்கள்.
அழுக்கை ஊற்றினேன்.
அங்கே ஒன்று.
அங்கே இரண்டு.
கொஞ்சம் நிறுத்தி, அங்கே மூன்று.

அப்போது தரைக்குக் கீழே கேட்டது,
கனமான எதையோ இழுத்துப்போகிற சத்தம்.
அவள் வீட்டிலிருந்து கிளம்பி
என் பாதங்களுக்கு அடியில் நகர்ந்து
ம்லிலோவின் வீடு, முனைக்கடை, அதற்கப்பால் என்று
தெருவே ஒரு மிடறு விழுங்கியது.

ம்புசோ மெழுகுவர்த்தியை இரண்டாவது வாளிக்கு நேரே காட்டினான்.
"இதை?"
"மூடு" என்றேன்.

காலையில் வரிசை.
எனக்கு முன்னால் மாச்சூமா.
திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:
"எத்தனை வாளி ஊத்தினே?"
"ரெண்டு."

டிரம்மைக் காலால் ஒரு அடி முன்னே தள்ளினாள்.
தள்ளிவிட்டு,
"ஒண்ணுதான் கேட்டுச்சு" என்றாள்.