மட்கார்டு

மேயோ ஹால் கோர்ட்டில்
கன்னடத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னாள் ஒருத்தி:
டிராக்டரில் எத்தனை சீட்டு?
ஒன்று. அதில் என் தம்பி முனிராசு.
உன் புருஷன்?
மட்கார்டில்.

மட்கார்டு இருக்கை ஆகாது என்றார் கம்பெனி வக்கீல்.
டிரெய்லரில் கோஸா செங்கல்லா என்று
அரைமணி நேரம்.
கோஸ் என்றால் விவசாயம்,
செங்கல் என்றால் வாடகை,
வாடகைக்குப் பாலிசி பொறுப்பில்லை.
சர்ஜாபுரம் ரோட்டில் சிதறியதை மாடு தின்றதே,
செங்கல்லையா தின்னும்?
டைப் அடிப்பவர் மட்டும் தலை நிமிர்ந்தார்.

முப்பத்தெட்டு வயது. பதினைந்தால் பெருக்கினார்கள்.
அதற்கு முன் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்கள்;
தனக்கென்று அவர் செலவழித்திருப்பாராம்.
பீடிக்கட்டு அவ்வளவு விலையா?

கம்பெனி முதலில் கட்டும்,
பிறகு வண்டிக்காரனிடம் வசூலித்துக்கொள்ளும்.

வண்டிக்காரன்
வெளியே புங்கமரத்தடியில்
இரண்டு டீயோடு நிற்கிறான்.
ஒன்றில் சர்க்கரை தூக்கல்,
எனக்கு.