இரண்டு தையல்

ஞாயிறு காலை. சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
சபையின் தகரக் கூரைமேல் மழை.
பாஸ்டர் டென்சில் அப்பாவு
இரக்கத்தைப் பற்றி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்.
வேசியாயிருந்த மக்தலேனாவையே மன்னித்தாரே என்றதும்
முன் பெஞ்சில் இரண்டு தலை
என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.
என் பெயர் மக்தலேன்.
ஐம்பத்திரண்டு வருஷமாக
அந்தத் தலைகள் திரும்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

பெயர் வைத்தவர் அப்பா,
டொங்காட் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டியவர்.
ஈஸ்டர் விடியலில் பிறந்தேனாம்.
காலியான கல்லறையை முதலில் கண்டவள் பெயர்
இவளுக்கு இருக்கட்டும் என்றாராம்.
ஸ்கூலில் அதற்கு வேறு அர்த்தம் சொன்னார்கள்.
கல்யாணப் பேச்சில் மாமியார்
"வீட்டுக்குள்ளே மேரின்னு கூப்பிட்டுக்கலாம்" என்றாள்.
கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி அப்பாவின் தமிழ் வேதத்தை எடுத்தேன்.
எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்,
'ழ' வந்தால் நின்று மூச்சு வாங்குவேன்.
ஏழு பிசாசு நீங்கிற்று அவளுக்கு. சரி.
எனக்கும் இருந்தது ஒரு காலத்தில்,
தூக்க மாத்திரை என்று அதற்குப் பெயர்.
பிசாசு என்றால் நோவு.
அதைப் படுக்கை என்று யார் வாசித்தது?
மகதலா ஓர் ஊர், எங்கள் டொங்காட் மாதிரி.
இன்னும் வாசித்தால்,
அவளும் கூடவந்த பெண்களும்
தங்கள் கைக்காசில்
அவருக்கும் பன்னிரண்டு பேருக்கும்
சோறு போட்டிருக்கிறார்கள்.
இந்த வரி ஒரு பிரசங்கத்திலும் வந்ததாக ஞாபகமில்லை.

ஒரு பக்கம் பின்னால் புரட்டினேன்.
அங்கே ஒருத்தி அழுகிறாள்.
பரிசேயன் வீட்டு விருந்தில்
அவர் பாதம் நனைத்துக் கூந்தலால் துடைக்கிறாள்.
ஊரார் பாவி என்கிறார்கள்.
அவளுக்குப் பெயரே இல்லை.

அப்போது பிடிபட்டது.
முப்பது வருஷம் மோபேனி பாக்டரியில்
ஓவர்லாக் மிஷின் ஓட்டியவள் நான்.
அளவு சேராத இரண்டு துணியை
யாரோ அவசரத்தில்
ஒரே தையலாக அடித்திருக்கிறார்கள்.
பழைய நூல், நூற்றாண்டுகள் இறுகிய நூல்.
உட்கார்ந்து பிரித்தேன்.
விரலுக்கு அவ்வளவு சுகம்.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரம்
எழுந்து நின்றேன்.
கை நடுங்காமல் எல்லாம் சொன்னேன்.
முடிவில் குரல் உயர்ந்துவிட்டது:
"மக்தலேன் அந்த மாதிரிப் பொம்பளை இல்லை!"
பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
யாரோ ஆமென் என்றார்கள்.

கடைசிப் பெஞ்சில் சாலாட்சி.
பாயின்ட் ரோட்டில் அவள் நின்ற வருஷங்களை
இங்கே யாரும் பேசுவதில்லை,
எல்லோருக்கும் தெரியும்.
ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்.
குடையைத் தேடி எடுத்தாள்.
வெளியே மழை இல்லை.
விரித்துப் பிடித்துக்கொண்டு
கார் நிறுத்துமிடத்தைக் கடந்து போனாள்.

அந்த விருந்து வீட்டுக்காரன் பெயர் சீமோன்.
அவன்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை,
இவள் எப்படிப்பட்டவள் என்று
மனசுக்குள்தான் நினைத்தான்.
நான் மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

பிரித்த துணியில் ஒன்றை
எனக்கென்று எடுத்து மடித்துக்கொண்டேன்.
மற்றது தரையில் கிடந்தது,
அதை மிதித்துக்கொண்டுதான் பேசியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பேவியூ பிளாட்டுக்குப் போனேன்.
மூன்றாம் மாடி. படியெல்லாம் மீன் பொரிக்கும் வாசம்.
வழி நெடுக எழுத்துக்கூட்டி வைத்திருந்த வாக்கியம்
இரண்டாம் மாடியிலேயே கலைந்துவிட்டது.
தட்டினேன்.
உள்ளே ரேடியோ நின்றது.
"யாரு?" என்றாள்.

என் பெயரைச் சொல்ல
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.